பெயரை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்: வட ஆற்காட்டு வேரைக் கடல் கடந்து தேடுவோருக்கு

டர்பனிலிருந்தும் போர்ட் லூயிஸிலிருந்தும் சுவாவிலிருந்தும் வேலூர்ப் பக்கத்தில் சொந்தம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு தொடங்குகிறார்கள்: “எங்கள் குடும்பப் பெயர் கோவெண்டர். அந்தப் பெயருள்ளவர்கள் உங்கள் பக்கம் எந்த ஊரில் இருக்கிறார்கள்?” வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூரில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இதற்கு விடை கிடைக்காது. வருடக்கணக்கில் தேடிச் சலித்துப்போனவர்களில் பலர் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டவர்கள்தான்.

தமிழ்க் குடும்பத்துக்கு வழிவழியாக வரும் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் ஒரு தலைமுறைக்கு முதலெழுத்தாக நிற்கும். பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததும் அந்த எழுத்தும் மாறிவிடும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒரு முனுசாமியின் பெயர் அங்கே அவருடைய பேரன், கொள்ளுப்பேரன் எல்லோருக்கும் குடும்பப் பெயராக உறைந்துபோனது. இங்கேயே இருந்துவிட்ட அவருடைய தம்பி வீட்டில் அதே பெயர் யார் நினைவிலும் இல்லாமல் போனது. கவுண்டர் என்பது கோவெண்டர் என்றும், முதலி என்பது மூட்லி என்றும் ஆனதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தவை. இந்தப் பக்கத்துப் பதிவேடு எதிலும் அந்த வடிவங்கள் இருக்காது.

ஆகவே இந்த அத்தியாயத்தின் முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றுதான். பெயரைத் தேடாதீர்கள், ஊரைத் தேடுங்கள். ஊர் கிடைத்த பிறகுதான் பெயருக்கு வேலை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வாய்த்ததல்ல. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டு நாட்டுப்புறங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும்கூட அப்பா பெயரையே மகன் பின்னால் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பிறகு அந்தப் பெயர்கள் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ் என்று சிலவாகச் சுருங்கி நின்றன. 1865-ல் ‘மிமோசா’ கப்பலில் அர்ஜென்டினாவின் படகோனியாவுக்குப் போன வேல்ஸ்காரர்களின் வாரிசுகளும், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போனவர்களின் வாரிசுகளும் ஒரே பெயரில் ஆயிரம் பேரைப் பார்த்துத் திகைக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டுகிறவர்கள் சொல்வதும் இதுதான்: திருச்சபை வட்டம் எது, எந்தத் தேவாலயத்துக்குப் போனார்கள், எந்தப் பண்ணையில் இருந்தார்கள் என்று முதலில் பாருங்கள். அவர்களுக்குப் பண்ணையும் தேவாலயமும் எப்படியோ, நமக்கு ஊரும் குலதெய்வமும் அப்படி.

முதல் படி: போன நாட்டில் தேடுங்கள்

விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நீங்கள் இருக்கும் நாட்டிலேயே இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களை ஆள்வாரியாக எழுதிய பட்டியல்கள் இறங்கிய துறைமுகங்களில்தான் நன்றாகக் காப்பாற்றப்பட்டுள்ளன.

*தென்னாப்பிரிக்கா.* 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் கொடுத்தார்கள். உங்கள் குடும்பத்துப் பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தால் அதைப் பொன்னாகப் பாதுகாத்து வையுங்கள். எழுத்துப் பிழையால் பெயர் பத்து விதமாக மாறும், எண் மாறாது. அந்த எண்ணை வைத்துக் கப்பல் பட்டியலில் வரியைக் கண்டுபிடிக்கலாம். டர்பன் ஆவணக் காப்பகத்திலும், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதூலி ஆவண மையத்திலும் விசாரியுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கும் இறப்பு அறிவிப்பு, சொத்துக் கோப்புகளில் இறந்தவரின் பெற்றோர், பிள்ளைகள் பெயர்கள் கிடைக்கும்.

நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1866-க்கும் 1874-க்கும் இடையே நின்றிருந்தது. “1870-ல் வந்தார்” என்று வீட்டில் சொன்னால் அந்த ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம். முன்னேயோ பின்னேயோ தள்ளித் தேடுங்கள்.

*மொரீஷியஸ்.* 1834-லிருந்து சுமார் ஐந்து லட்சம் பேர் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. குடியேற்றப் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. சிலருக்குப் புகைப்படம்கூட உண்டு.

*ஃபிஜி.* 1879-ல் தொடங்கிய குடியேற்றத்தில் சென்னைக் கப்பல்கள் சேர்ந்துகொண்டது 1903-ல், 1916-ல் நின்றது. தெற்கிலிருந்து போனவர்களில் வட ஆற்காட்டார் கணிசம். அங்கே ஆளுக்கு ஒரு தனித்தாள்: குடியேற்ற அனுமதிச் சீட்டு. அதில் ‘நெருங்கிய உறவினர்’ என்று ஒரு கட்டம் உண்டு. கிராமத்தில் விட்டுவந்த அண்ணன் பெயரோ மனைவி பெயரோ அதில் இருக்கலாம். அரிய கொடை அது.

*மலேசியா, இலங்கை.* கங்காணி மூலம் போனவர்களுக்கு இப்படி ஆள்வாரிப் பட்டியல் கிடைப்பது அரிது. தோட்டத்துப் பதிவு, பழைய பாஸ்போர்ட், அடையாள அட்டை, தோட்டத்துக் கோயில் நன்கொடைப் பலகை என்று தேட வேண்டும். இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையை வீட்டில் தேடிப் பாருங்கள். ஊர் பற்றிய குறிப்பு அதில் கிடைக்கலாம். ஒரு தோட்டத்து லயத்தில் குடியிருந்தவர்கள் பலரும் ஒரே கங்காணியின் பின்னால் வந்த ஒரே ஊர்க்காரர்களாக இருப்பார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒரு வரியைப் படிப்பது எப்படி

கப்பல் பட்டியலில் ஓர் ஆளுக்கு ஒரே ஒரு வரிதான். மாதிரிக்கு ஒரு கற்பனை வரியை எடுத்துக்கொள்வோம்: “மூனசாமி, தந்தை சின்னாபென், வயது 22, ஜில்லா நார்த் ஆர்காட், தாலுகா வெல்லூர், கிராமம் வோடகட்டூர், இடது கணுக்காலில் தழும்பு.”

*பெயர்.* எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, அல்லது அரைகுறையாகத் தெரியும். மூனசாமி முனுசாமியாக இருக்கலாம்; முனியசாமியாகவும் இருக்கலாம். இரண்டையும் குறித்து வையுங்கள்.

*தந்தை.* இதுதான் அந்த வரியின் உயிர். முனுசாமி என்று ஊருக்கு இருபது பேர் இருந்திருப்பார்கள். சின்னப்பன் மகன் முனுசாமி ஒருவரோ இருவரோதான்.

*வயது.* கேட்டதற்குச் சொன்னது, பார்த்ததற்கு எழுதியது. முன்பின் ஐந்து வருடம் விட்டுப் படியுங்கள்.

*சாதி.* சில வரிகளில் சாதிப் பெயரே இருக்காது; மலபார் என்றோ ஜெண்டூ என்றோ எழுதியிருப்பார்கள். முன்னது தமிழ் பேசுபவரையும் பின்னது தெலுங்கு பேசுபவரையும் குறிக்கும். வட ஆற்காடு இரண்டு மொழியும் கலந்து புழங்கிய மாவட்டம். தெலுங்கு என்று இருப்பதாலேயே ஆந்திரத்துக்குப் போய்த் தேட வேண்டாம்.

*கிராமம்.* எழுத்தைக் கண்ணால் பார்த்துக் குழம்பாதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ஒ’ நம் நாட்டுப்புற வாயில் ‘வொ’ என்றுதான் ஒலிக்கும். காதால் கேட்டு எழுதிய குமாஸ்தா அதை அப்படியே எழுதினார். ஆக வோடகட்டூர் என்பது ஒடுகத்தூராக இருக்கலாம். இதே போல ‘ழ’ வரும் ஊர்களை ல, ர, ய என்று மூன்று விதமாகவும் மாற்றிப் பாருங்கள்.

*பதிவான இடம்.* குடியேற்ற அனுமதிச் சீட்டில் பதிவு செய்த இடம் வேறாகவும் சொந்த ஊர் வேறாகவும் இருக்கும். பிழைப்பு தேடிச் சென்னைக்கோ வேலூருக்கோ போய் அங்கே ஏஜெண்டிடம் சிக்கியவர்கள் உண்டு. பதிவான இடத்தை ஊர் என்று எடுத்துக்கொண்டால் தேடல் திசைமாறிவிடும்.

பெண்களின் வரிகளைத் தனியாகத் தேடுங்கள். நேட்டால் கப்பல்களில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. பெண்ணுக்கும் தனி எண், தனி வரி, தந்தை பெயர் எல்லாம் உண்டு. தாத்தா வழி முட்டிக்கொண்டு நிற்கும்போது பாட்டி வழி திறந்துகொள்வது உண்டு. தனியாகக் கப்பலேறிய பெண்களும் ஏராளம். கணவன் பெயர் இல்லையே என்று அந்த வரியைத் தள்ளிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: அந்த ஆண்டின் மாவட்டம் எது

இணையத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் இன்றைய மாவட்டம்தான் வரும். உங்கள் ஆவணத்தில் இருப்பது நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய மாவட்டம். இரண்டுக்கும் நடுவில் நடந்தவற்றைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால் வீண் அலைச்சல்தான் மிஞ்சும்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர். திருப்பதி இருக்கும் சந்திரகிரி வட்டமும் பலமனேரியும் அதற்குள்தான் இருந்தன. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமானபோது அவை அங்கே போயின. வேலூர் வட ஆற்காட்டின் தலைநகரமானது. அதே 1911-ல் சேலம் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் வட்டம் இங்கே வந்து சேர்ந்தது. 1989-ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019-ல் மீண்டும் பிரிந்து வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது.

தோல் தொழில் வட்டாரத்துக்கு இதனால் வரும் குழப்பத்தைப் பாருங்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் அடுத்தடுத்த ஊர்கள். இன்று இரண்டும் திருப்பத்தூர் மாவட்டம். ஆனால் 1911-க்கு முந்தைய பதிவில் ஆம்பூர், வட ஆற்காடு மாவட்டத்து வேலூர் வட்டம்; வாணியம்பாடி, சேலம் மாவட்டத்துத் திருப்பத்தூர் வட்டம். பாட்டி “வாணியம்பாடிப் பக்கம்” என்று சொல்லிவந்து, ஆவணத்தில் சேலம் என்று இருந்தால், ஆவணம் தப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரண்டும் சரியாக இருக்கலாம்.

ஒடுகத்தூர் இன்று வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி. அணைக்கட்டு வட்டம் வேலூர் வட்டத்திலிருந்து பின்னாளில் பிரிந்தது. ஆகவே பழைய தாளில் வேலூர் தாலுகா என்றுதான் தேட வேண்டும்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது இன்னொரு தொல்லை. அகரம், புதூர், பாளையம், குப்பம் என்று முடியும் ஊர்கள் இந்தப் பக்கம் கணக்கில்லை. ஒடுகத்தூரை அடுத்தே ஓர் அகரம் உண்டு. வேறு வட்டங்களிலும் அகரங்கள் உண்டு. வருவாய்க் கிராமம் ஒன்று, அதற்குள் குக்கிராமங்கள் பல. கப்பலேறியவர் சொன்னது குக்கிராமத்தின் பெயராக இருந்தால் பட்டியலில் கிடைக்காது. ஒரு தாளில் ஊருக்கு ஒரு வரி என்று எழுதி, வருவாய்க் கிராமம், வட்டம், 1911-க்கு முந்தைய மாவட்டம் மூன்றையும் பக்கத்தில் நிரப்புங்கள். ஆர்தர் காக்ஸ் 1881-ல் தொகுத்து, ஸ்டூவர்ட் 1895-ல் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேடு இதற்கு நல்ல துணை.

ஏன் இந்த மாவட்டத்திலிருந்து இவ்வளவு பேர் போனார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டைக் கணிக்க உதவும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. துறைமுகத்துக்கு வழி திறந்துவிட்டது. 1876–78 தாது வருடப் பஞ்சம் ஊர்களைக் காலி செய்தது. உங்கள் முன்னோர் 1870-களின் கடைசியில் கப்பலேறியிருந்தால், ஊரில் எஞ்சியிருந்த குடும்பமும் அதே பஞ்சத்தில் சிதறியிருக்கக்கூடும்.

நான்காம் படி: இங்கே என்ன தாள் இருக்கிறது, என்ன இல்லை

இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். பணமும் காலமும் மிச்சமாகும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர்ப் பட்டியல் கிடைக்காது. பிரிட்டனில் நூறு ஆண்டு கழிந்ததும் வீட்டுவாரித் தாள்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் 1871-லிருந்து எடுத்த கணக்குகளில் அச்சான அட்டவணைகள்தான் நமக்கு மிஞ்சியவை.

பழைய பிறப்புச் சான்று கிடைக்காது. சென்னை மாகாணத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1899-ல் வந்தது. 1860-ல் கிராமத்தில் பிறந்தவருக்குச் சான்று கேட்டு அலுவலகம் அலுவலகமாக எழுதுவது வீண்.

நிலப் பதிவேடு இருக்கிறது. வரித்திட்டக் காலத்து செட்டில்மென்ட் ரிஜிஸ்டர்களில் சர்வே எண்ணும் பட்டாதாரர் பெயரும் உண்டு. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் நிலம் இருந்தவர் பெயர்தான் அதில் இருக்கும். கப்பலேறியவர்களில் பெரும்பகுதியினர் படியாளாகவும் கூலியாகவும் இருந்தவர்கள். உங்கள் முன்னோர் பெயர் அதில் இல்லை என்றால் அவர் அந்த ஊரில் இல்லை என்று பொருளல்ல.

கிராமக் கணக்கு எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். மணியக்காரரும் கர்ணமும் பரம்பரையாகப் பார்த்துவந்த வேலையை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. பிறகு வந்தவர்கள் கிராம நிர்வாக அலுவலர்கள், ஊர்வாயில் வி.ஏ.ஓ. அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 1979–87-ல் நடந்த யு.டி.ஆர். என்ற நிலவுடைமைப் பதிவேட்டுத் திருத்தத்துக்குப் பிந்தைய கணக்கு. நூற்றைம்பது வருடத்துக் கதையை அவரிடம் கேட்பது நியாயமல்ல. ஆனால் எந்தக் குக்கிராமம் எந்த வருவாய்க் கிராமத்தில் சேரும் என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொல்பவர் கிடைக்க மாட்டார். அதை மட்டும் கேளுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பமானால் உங்களுக்கு ஒரு வாசல் கூடுதல். ஸ்கடர் குடும்பத்தார் 1853-ல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன், 1895-லிருந்து இந்தப் பக்கம் வேலை செய்த லுத்தரன் மிஷன், கத்தோலிக்கப் பங்குகள் ஆகியவற்றின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளை விசாரியுங்கள். அவை ஆள்வாரியாக எழுதப்பட்டவை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம் குடும்பங்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்கலாம்.

இணையச் சேவைகளில் பட்டா, சிட்டா, வில்லங்கம் பார்க்கலாம் என்று நம்பி உட்கார்ந்தால் இந்தியக் கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும் இடத்தில் நின்றுவிடுவீர்கள். உள்ளூரில் நம்பகமான ஒருவரின் துணை இல்லாமல் இந்த வழி நகராது.

மரபணுச் சோதனை பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்த சமூகங்களில், தூரத்து உறவுகூடச் சோதனையில் நெருங்கிய உறவாகத் தெரியும். சோதனை செய்துகொண்ட கிராமத்தாரும் சொற்பம். அது ஊரைக் காட்டாது.

ஐந்தாம் படி: ஆள் வழி

தாள் நின்ற இடத்திலிருந்து ஆட்கள்தான் கூட்டிப்போக வேண்டும். முதல் சான்று உங்கள் வீட்டுப் பூஜை மாடத்தில் இருக்கிறது. எந்தச் சாமிக்கு எந்த மாதத்தில் படையல், கிடாயா கோழியா, முதல் மொட்டை எங்கே என்று வீட்டு மூத்த பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். பச்சையம்மன், மன்னார்சாமி, கங்கையம்மன், படைவீட்டு ரேணுகாம்பாள், திரௌபதி அம்மன் என்ற பெயர்கள் வந்தால் ஆற்காட்டுப் பக்கத்துக்கு வலுவான சாடை. நேட்டாலில் இன்றும் திரௌபதிக்குத் தீ மிதிக்கிறார்கள். தெருக்கூத்தும் அங்கே வேறு பெயரில் ஆடப்படுகிறது. இரண்டும் இந்த மண்ணிலிருந்து போனவை.

ஊரைத் தோராயமாகக் கண்டுபிடித்துவிட்டால், கோயில் திருவிழாவுக்கு வரி வசூலிப்பவரைப் பாருங்கள். தலைக்கட்டு வரி நோட்டில் வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கும். எந்தப் பங்காளிகள் எந்த வகையறா என்பது நோட்டு வைத்திருப்பவருக்கு மனப்பாடம். நேட்டால்காரர் வீடு, கப்பல்காரர் வீடு என்று பட்டப்பெயர் ஏதாவது ஊரில் உண்டா என்று கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்தவர்களும் பலர். 1927 கேப்டவுன் ஒப்பந்தத்துக்குப் பிறகும் திரும்பினார்கள். உங்கள் தாத்தாவின் தம்பியே திரும்பி வந்திருக்கலாம்.

ஒடுகத்தூருக்கு வருகிறவர்கள் வெள்ளிக்கிழமையில் வாருங்கள். அன்று ஆட்டுச் சந்தை. ஜவ்வாது மலைமேல் பீஞ்சமந்தையிலிருந்தும், கீழே மேலரசம்பட்டு, ஆசனாம்பட்டு, வேப்பங்குப்பம், குருவராஜபாளையம் பக்கத்திலிருந்தும் பெரியவர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு விடிகாலையிலேயே வந்துவிடுவார்கள். வியாபாரம் நடக்கும்போது குறுக்கே போகாதீர்கள். விலை படிந்து டீக்கடைக்கு வரும்வரை பொறுத்திருங்கள். ஊர் ஊராக ஆட்டோ பிடித்து அலைந்து சந்திக்க வேண்டியவர்களை ஒரு காலைப்பொழுதில் ஒரே இடத்தில் சந்திக்கலாம். “இந்தப் பேரில் ஒரு குக்கிராமம் இருந்ததா?” என்ற கேள்விக்கு எந்த வரைபடத்தையும்விட அங்கே சீக்கிரம் விடை வரும்.

ஊரில் அந்த வம்சமே இல்லை என்றால், அவர்கள் போயிருக்கக்கூடிய இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை தோல் ஷாப்புகள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமத்துக் கூலிகளை அவை இழுத்துக்கொண்டன. இன்னொன்று, கோலார் தங்கவயல். 1880-களிலிருந்து வட ஆற்காட்டுக் குடும்பங்கள், முக்கியமாகத் தலித் குடும்பங்கள், கூட்டம் கூட்டமாக அங்கே போய்ச் சுரங்கத்தில் இறங்கின. கப்பலேறியவரின் அண்ணன் தம்பி வழியை அங்கே தேடுங்கள்.

எழுத வேண்டிய கடிதம்

நீளமான வம்ச வரைபடத்தை அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்:

“ஐயா, வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கிறோம். எங்கள் எள்ளுத்தாத்தா முனுசாமி, சின்னப்பன் மகன், உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். எங்கள் வீட்டில் இன்னமும் பச்சையம்மனுக்குப் படைக்கிறோம். நிலம், வீடு, கோயில் மரியாதை எதையும் கேட்டு நாங்கள் வரவில்லை. எங்கள் ஊர் எது என்று தெரிந்துகொண்டு, ஒரு தடவை வந்து சாமி கும்பிட்டுப் போக ஆசை. கப்பலுக்குப் போனவர்கள் பற்றி உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஏதாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? உங்களுக்குத் தோதான நேரம் சொன்னால் போனில் பேசுகிறோம்.”

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள். அறுவடை, திருவிழா, கல்யாண மாதங்களில் யாருக்கும் ஓய்வு இருக்காது.

மூன்று எச்சரிக்கைகள்

*நிலம்.* வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து “எங்கள் தாத்தா வீடு எது, நிலம் எது?” என்று கேட்டால், பங்கு கேட்க வந்திருக்கிறார் என்றுதான் ஊர் நினைக்கும். தெரிந்தவர்கூடத் தெரியாது என்பார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஏக்கரை வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு ஒரு வழக்கு வந்தால் தாங்காது. மேலே உள்ள கடிதத்தில் நிலம் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். நேரில் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

*சாதி.* கப்பல் பட்டியலில் இருக்கும் சாதிப் பெயரை நடுத்தெருவில் சத்தமாகப் படிக்காதீர்கள். அந்தப் பெயர்களில் பல இன்று இழிசொற்கள். கடலுக்கு அப்பால் உங்கள் குடும்பம் அந்தக் கட்டிலிருந்து விடுபட்டு நிமிர்ந்திருக்கலாம். இங்கே ஊர் வேறு, காலனி வேறு என்று இன்னும் பிரிந்துதான் கிடக்கிறது. உங்கள் வேர் காலனியில் இருந்தால் நேராகக் காலனிக்குப் போங்கள். அங்குள்ள பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், அங்கே சாப்பிடுங்கள். ஊர்த்தெருவில் யாராவது “அங்கே எதற்கு?” என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: “எங்கள் சொந்தம் அங்கேதான்.”

*பணம்.* ஆசையோடு வருபவரைக் கண்டால் அவசரமாக ஒரு தாத்தாவை உருவாக்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். முன்பணம் கேட்டு மூன்றே நாளில் முழு வம்சாவளி தருவதாகச் சொன்னால் விலகுங்கள். சோதிக்க ஒரு வழி உண்டு: உங்கள் முன்னோரின் அப்பா பெயரை முதலில் சொல்லாதீர்கள். அவர்களாகச் சொல்லும் பெயர் கப்பல் பட்டியலோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அரசு வழியில் போக விரும்பினால் இந்தியத் தூதரகத்தில் விசாரியுங்கள். தமிழ்நாடு அரசின் ‘வேர்களைத் தேடி’ திட்டம் அயலக இளைஞர்களுக்கான பண்பாட்டுப் பயணம். வம்சாவளி தேடித் தரும் அலுவலகம் அல்ல. ஆனால் இங்கே ஆட்களைப் பழக்கிக்கொள்ள நல்ல வாய்ப்பு. வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டைக்காகத் தேடுபவர்கள், தங்கள் நாட்டுக்கு எத்தனை தலைமுறை வரை அனுமதி என்பதைத் தூதரகத்திலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். மொரீஷியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை 2024-ல் சிறப்பு அனுமதி அறிவிக்கப்பட்டது.

எங்கே நிறுத்துவது

கப்பல் பட்டியல், பழைய வட்டம், குலதெய்வம், ஊர்ப் பெரியவர்களின் நினைவு ஆகிய நான்கில் மூன்று ஒரே ஊரைக் காட்டினால், அதை உங்கள் ஊர் என்று ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு மட்டும் பொருந்தினால் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒன்றுதான் என்றால் தேடல் இன்னும் முடியவில்லை.

ஊர் கிடைத்து, பங்காளி வீடு கிடைக்காமல் போவது தோல்வி அல்ல. நிலமில்லாத குடும்பம், பஞ்சத்தில் சிதறிய குடும்பம், கர்ணத்தின் கணக்கில் ஏறாத குடும்பம் என்று அரசு எழுதாமல் விட்டவர்களைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. அதுவும் அவர்கள் கூலியாகக் கையெழுத்து வைத்த இடத்தில் இருக்கிறது. அந்த வரியை ஓர் ஊரோடு சேர்த்துவைப்பதே பெரிய காரியம்.

சேர்த்துவைத்ததை மற்றவர்களுக்கும் கிடைக்கும்படி செய்யுங்கள். ஒரு பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்: யார், யார் மகன், எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்த எண், எந்த ஊர், எந்தச் சாமி, எது உறுதி, எது ஊகம். ஒரு பிரதி உங்கள் நாட்டு ஆவண மையத்துக்கு, ஒரு பிரதி ஊர் நூலகத்துக்கு, ஒரு பிரதி கோயில் வரி நோட்டு வைத்திருப்பவருக்கு. அதே கப்பலில் அதே ஊரிலிருந்து போன இன்னொருவரின் பேத்தி நாளை வந்து கேட்கும்போது, அவர் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.